பேர் சொல்லிக் கூப்பிட முடியாத நாய்

...அதனாலதான் சொல்றேன் கண்ணு, இந்தத் தெருவுல ஒரு நாயைக்கூட நிம்மதியாத் தொலைக்க முடியாது! நேத்து ராத்திரி ஜூலை நாலு சுதந்திர தின வேட்டுச் சத்தம் கேட்டு ஓடினவன். இப்ப மணி பதினொண்ணு. தண்ணி குடிச்சானோ என்னமோ. பன்னெண்டு வயசு அவனுக்கு, இடுப்பு வேற சரியில்ல, படி ஏறவே யோசிப்பான்... நீ ஏன் பையைத் தூக்கிக்கிட்டே நிக்கற, கீழ வை. ஐஸ்கிரீமா? உருகட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது.

நான் வெர்னா. வெர்னா டோபாஷ், பக்கத்து வீடு. புதுசா வந்திருக்கியே, ஆப்பிள் பை பலகாரம் ஒண்ணு சுட்டு எடுத்துட்டு வரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இந்தக் கூத்து. இந்தத் தெருவுல என்கிட்ட இன்னும் முகம் கொடுத்துப் பேசறது நீ ஒருத்திதான். குடிவந்து மூணே நாள், அதனால.

விஷயம் என்னன்னா... அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியல. அவன் பேரு டிரம்ப்.

சிரிக்காத. மூஞ்சியைச் சுளிக்கவும் வேணாம். முழுசாக் கேளு! போன ஜனவரி வரைக்கும் அவன் பைடன். அதுக்கு முன்னாடி நாலு வருஷம் டிரம்ப். அதுக்கும் முன்னாடி ஒபாமா. யாரு ஜனாதிபதியோ அவரு பேருதான். இது எங்க வீட்டுச் சட்டம். நான் போட்ட சட்டம்.

ஏன்னு கேக்கறியா? கண்ணு, நான் கண்ணாடித் தொழிற்சாலையில முப்பத்தோரு வருஷம். அதுல பத்தொம்பது வருஷம் சங்கச் செயலாளர். காலேஜ் வாசல மிதிச்சதில்ல. நோட்டீஸ் படிச்சே படிச்சவ, நோட்டீஸ் எழுதியே எழுதக் கத்துக்கிட்டவ. வேலைநிறுத்தம்னா இந்த ஒஹையோ குளிர்ல பீப்பாயில தீ மூட்டிக்கிட்டு ஆலை வாசல்ல நின்னிருக்கேன். எத்தனை ஜனாதிபதி வந்தாங்களோ அத்தனை பேருக்கும் கடுதாசி போட்டேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’... அச்சடிச்ச கையெழுத்து. ஆளு மாறுவான், பதில் மாறாது! சரி, இவங்கதான் நான் சொல்றதக் கேக்கல, அந்தப் பேருல ஒருத்தனாவது கேக்கட்டுமேன்னு நாய்க்கு வெச்சேன். ‘உக்காருய்யா’ன்னா உக்காருவான். அதுல ஒரு திருப்தி.

பதவியேற்பு நாளு வந்தா எங்க வீட்டுலயும் பதவியேற்பு. அங்க டிவியில அவரு கையத் தூக்கற நேரம், இங்க இவன் முன்னங்காலை எடுத்து எங்க சங்க ஒப்பந்தப் புத்தகத்து மேல வைப்பேன். ‘கூலிய வெட்ட மாட்டேன், கதவ மூட மாட்டேன்’னு நானே அவனுக்காகச் சொல்லுவேன். முடிஞ்சதும் ஒரு துண்டு கில்பாசா. சத்தியம் காத்தானோ இல்லையோ, சாஸேஜைத் தின்னான். இந்த ஜனவரியில பழைய பேரையே மறுபடி வெச்சப்ப என்னை ஒரு பார்வை பாத்தான் பாரு... இந்தப் பேருக்கு ஒருதரம் தின்னாச்சேங்கற மாதிரி!

முன்னல்லாம் இதை யாரும் தப்பா எடுக்கல கண்ணு. ஒபாமா காலத்துல இந்தத் தெருவே கைதட்டிச்சு. அப்பவும் சண்டை உண்டு, இல்லன்னு சொல்லல. அவரு ஒருநாள் மங்கின பழுப்பு நிறத்துல கோட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரு, அதுக்கு ஊரு உலகமெல்லாம் கூடிப் பேசிச்சு. கோட்டுக்கு! எங்க சூளையில ஆளு வெந்தப்ப ஒரு பய பேசல. அதுக்கும் முன்னாடி கிளின்டன் கறுப்புக் கண்ணாடி மாட்டி சாக்ஸபோன் ஊதினாரா, என் நாத்தனார் மகனுக்கு மறுவாரமே சாக்ஸபோன் வாங்கினா. அவன் ஊதி எங்க காது போனதுதான் மிச்சம். அப்புறம் டிரம்ப்போட சிவப்புத் தொப்பி வந்துச்சு. அதுக்கப்புறம் பைடனோட ஐஸ்கிரீமும் கறுப்புக் கண்ணாடியும். இப்ப மறுபடி தொப்பி. ஜனாதிபதிங்கறது நாம ஓட்டுப் போட்டு வெச்ச ஆளு கண்ணு, நம்ம வேலையாளு! அவன வேலைய விட்டு எடுக்கற உரிமைய நாம கையில வெச்சுக்கிட்டு, அவன் முகத்த டீ-ஷர்ட்டுல போட்டுக்கிட்டுத் திரியறோம். நன்றி தெரிவிக்கற நாளு விருந்துல வான்கோழிய வெட்டறதுக்குள்ள அண்ணந்தம்பி வெட்டிக்கறான். என் தங்கச்சி ரோஸ்மேரி மூணு வருஷமா வர்றதில்ல. நானும் கூப்பிடல. நான் ஏன் கூப்பிடணும்?

எங்க விட்டேன்... ஆங், இன்னிக்குக் காலைல. ஆறு மணிக்குத் தெருவுல இறங்கி ‘டிரம்ப்! டிரம்ப்! வீட்டுக்கு வந்துருடா, ஒண்ணும் செய்ய மாட்டேன்!’னு கத்திக்கிட்டே போறேன். அந்த முனைவீட்டு டெல்பர்ட் சிவப்புத் தொப்பியோட ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். ‘வெர்னா, கடைசியில நீயும் நம்ம பக்கம் வந்துட்டியா!’ அவன்கிட்டேருந்து கையப் பிடுங்கறதுக்குள்ள எதிர்வீட்டு வாத்தியாரம்மா ஜன்னல அடிச்சுச் சாத்தறா. சரி, பழைய பேரச் சொல்லிப் பாப்போம்னு ‘பைடன்! பைடன்!’ன்னேன். வாத்தியாரம்மா ஜன்னலத் தொறந்தா, டெல்பர்ட் கேட்டைச் சாத்தினான். அடுத்த தெருவுல ரெண்டையும் மாத்தி மாத்திக் கத்தினேன். போலீஸ்காரன் வந்துட்டான்! ‘அம்மா, ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா?’ங்கறான். நான் ஒருத்தி கண்ணு, வீட்டுச் செருப்போட.

கம்பத்துல நோட்டீஸ் ஒட்டினேன். எனக்கா நோட்டீஸ் எழுதத் தெரியாது? ‘காணவில்லை: டிரம்ப். பழுப்பு நிறம். ஒரு காது மடங்கியிருக்கும். அன்பானவன்.’ ஒரு மணி நேரத்துல ஒருத்தன் அடியில எழுதியிருக்கான், ‘அப்பாடா’ன்னு. அதுக்கும் கீழ இன்னொருத்தன், ‘உங்க ஆளு பைடன் மட்டும் எங்க இருக்காருன்னு அவருக்கே தெரியுமா?’ன்னு. ஒருத்தனாவது... ஒருத்தனாவது ‘எத்தனை வயசு, என்ன சாப்பிடும்’னு கேட்டானா?

இல்ல... அழல. தூசி.

அதனால நீ என்ன பண்றேன்னா, உனக்கு இங்க யாரையும் தெரியாது, நீ கூப்பிட்டா ஒருத்தரும்... என்ன? வீட்டுல அந்தப் பேரச் சொன்னா என்ன பண்ணுவானா?

என்ன பண்ணுவான், ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில பூந்துக்குவான். பின்ன? டிவியில அந்தப் பேரு வரும், சக் ஒண்ணு சொல்லுவான்... சக் என் வீட்டுக்காரன்... நான் ஒண்ணு சொல்லுவேன், அவன் மேஜையத் தட்டுவான், நான் தட்ட எறிவேன். ரெண்டே தட்டுதான் எறிஞ்சிருக்கேன். எந்தப் பேரு வந்தாலும் இதான் நடக்கும். நாயும் பாவம் பேரு காதுல விழுந்த உடனே...

ஐயோ.

ஐயோ கண்ணு. காலைலேருந்து அஞ்சு மணி நேரம் அதையேதானே கத்தியிருக்கேன். ஒளிஞ்சுக்கோ, ஒளிஞ்சுக்கோன்னு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

வேற பேரா? ம்... இருந்துச்சு. நாய்க் காப்பகத்துல எழுதிக் குடுத்த பேரு ஒண்ணு. கொள்கை இல்லாத பேரு. சக் சோறு போடறப்ப ரகசியமா அப்படித்தான் கூப்பிடுவான், நான் காதுல விழாத மாதிரி இருந்துக்குவேன். அதப் போயி நடுத்தெருவுல... எவ்வளவு பெரிய கூட்டத்துல பேசின வாய் இது... சரி. சரி, திரும்பிக்கோ. என்னைப் பாக்காத.

பிஸ்கட்.

பிஸ்கட்டூ! வாடா பிஸ்கட்டு... அம்மாடா...

ஏய்! உன் படிக்கட்டுக்கு அடியில! அந்த மடங்கின காது! உன் வீட்டுலயேதான் இருந்திருக்கான் கண்ணு, நான் கத்தினதெல்லாம் கேட்டுக்கிட்டு! வா... வா ராசா... ஒரு கால வெச்சுட்டான், வா, அம்மா தட்டெல்லாம் எறிய மாட்டேன்...

ஐயையோ, சக் வண்டி! சக்! கத்தாத! வண்டியக் கிட்டக் கொண்டு வராத, ஒலிபெருக்கியில அந்தப் பேரச் சொல்லாத! எந்த மடையன் அவன் கையில அதக் குடுத்தது?... நான்தான். காலைல நான்தான் குடுத்து அனுப்பினேன்.

போச்சு. பிஸ்கட் மறுபடி உள்ள போயிட்டான்.

நீ கூப்பிடு கண்ணு. உன் ஐஸ்கிரீமைக் கொஞ்சம் விரல்ல தொட்டு நீட்டு. சக், எஞ்சின நிறுத்திட்டு இப்படி வந்து உக்காரு. ஒரு வார்த்தை பேசின, தொலைச்சுடுவேன். நானும் பேசல. இந்தா, வாய மூடிக்கிட்டேன்.