அடுப்பாங்கரைக்கு ஒரு கேட்டு

ஞானம்மா: ...ஊருக் கதய வுடு. சோறு ஏன்யா தீஞ்சி கீது?

ஆசீர்வாதம்: தீயலமே. லேசா அடி புடிச்சிக்கிச்சி. நீ உங்கம்மா ஊட்டுக் கதய சொல்லு. பெரியபாளையத்துல மழையா?

ஞானம்மா: வெயிலு. லுங்கி ஏன் கியிஞ்சி கீது?

ஆசீர்வாதம்: பழைய லுங்கி.

ஞானம்மா: கிறிஸ்மஸுக்கு எடுத்தது.

ஆசீர்வாதம்: நீ இந்தக் கேட்ட பாரு முதல்ல. கம்பெனில தூக்கிப் போட்ட பெட்டிப் பலக. போன வாரம் நம்ம கொயந்த மேரி கஞ்சித் தண்ணிய இழுத்து, தடுக்கப் போயி உன் கை வெந்துச்சே... இனிமே அது அடுப்பாண்ட வர முடியாது. கம்பெனில சொல்றாங்க, அடி பட்டப்புறம் மருந்து தேடாத, படாம பாத்துக்கன்னு.

ஞானம்மா: நல்லதுதான். கொக்கி எந்தப் பக்கம்?

ஆசீர்வாதம்: வெளிப்பக்கம். கீழ. மேல ஆணி எறங்கல.

ஞானம்மா: சமைக்கச்சொல்லோ நீ எங்க இருந்த?

ஆசீர்வாதம்: ...உள்ள.

ஞானம்மா: ரெண்டு வயசுக் கொயந்த?

ஆசீர்வாதம்: வெளிய.

ஞானம்மா: கொக்கியாண்ட.

ஆசீர்வாதம்: மாட்டத் தெரிஞ்ச கய்தைக்கு கயட்டத் தெரியலமே.

ஞானம்மா: நீ கைய வுட்டு கயட்றது?

ஆசீர்வாதம்: சந்துல கை பூர்ல. கொயந்த தலை மாட்டிக்கக் கூடாதுன்னு பலகைய நெருக்கி அடிச்சிட்டேன்.

ஞானம்மா: அப்புறம்?

ஆசீர்வாதம்: ஏறிக் குதிச்சேன்.

ஞானம்மா: குதிச்சியா, வுழுந்தியா?

ஆசீர்வாதம்: ...ரெண்டும்.

ஞானம்மா: அதுவரிக்கும் மேரி?

ஆசீர்வாதம்: வாசப்படில சமத்தா குந்திக்கினு இருந்துச்சி. ஒரு அடி நகரல. என் கண்ணு அது மேலயே தான்.

ஞானம்மா: அடுப்பாங்கரைல இருந்து வாசப்படி தெரியுமா?

ஆசீர்வாதம்: சத்தம் கேக்கும்மே...

ஞானம்மா: சரி, மேரி வாயில இன்னா மெல்லுது?

ஆசீர்வாதம்: முறுக்கு.

ஞானம்மா: நம்ம ஊட்ல ஏது முறுக்கு?

ஆசீர்வாதம்: பக்கத்தூட்டு அஞ்சம்மா குடுத்திருக்கும்.

ஞானம்மா: எங்கம்மா சுட்டதுய்யா. பஸ்ஸ வுட்டு எறங்குறேன், ரோட்டோரமா இது தனியா ஆடிக்கினு வருது. வாரித் தூக்கியாந்து வாசப்படில உக்கார வெச்சி, முறுக்கக் கையில குடுத்துட்டு, கதவு பின்னால நின்னேன். நீ கேட்டு மேல ஏறி வுழுந்தத சிரிக்கலாம்னுதான் எட்டிப் பாத்தேன்... சிரிப்பு வர்ல. இந்தா, சுத்திய புடி. கொக்கிய இன்னிக்கே மேல மாத்து.