ஒரு கிலோ பால்கெண்டை

மினாங்: முடியாதுன்னா முடியாதுதான்யா. மினாங்குக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு பாதர்கிட்ட போய்ச் சொல்லிரு.

கார்ப்பியோ: இந்தக் கத்து கத்துற, தொண்டை கட்டிக்கிச்சாம்! ஒரே ஒரு பக்கம் வாசகம்டி. திருவிழாப் பூசையில வாசிக்க அவனவன் தவம் கெடக்கான். எந்திரி, கோயில் மணி அடிச்சிருவாங்க.

மினாங்: அம்புட்டு சனத்துக்கு முன்னாடி நாக்கு குழறிருச்சுன்னா?

கார்ப்பியோ: யாருக்கு, உனக்கா? இருபத்தாறு வருஷம் நான் ஓட்டின நம்ம ஜீப்னி வேனோட பின்படியில தொங்கி, ஏறுற சனத்துகிட்ட காசு வாங்கிக்கிட்டு, ரோட்டுல இருக்கற போர்டு பூரா எனக்கு வாசிச்சுச் சொன்னவ...

மினாங்: அத ஏன்யா இப்ப இழுக்கற?

கார்ப்பியோ: மறக்க முடியுமா? வண்டிய எடுத்ததுமே கண்ணு தேடும். நேத்து இல்லாதது இன்னைக்கு என்ன வந்திருக்குன்னு. பாத்த உடனே, "மினாங், புது போர்டு!"

மினாங்: "நான் ரோட்டப் பாக்கணும், நீ வாசி"ம்ப. பெரிய வாத்தியாரு! அதோட விடுவியா? மறுநாள் அதே எடம் வந்ததும் திரும்பக் கேப்ப.

கார்ப்பியோ: நீ மட்டும் சும்மாவா சொல்லுவ? "மருந்துக்கடை போர்டுல வந்துச்சே, ரெண்டு தொப்பை வெச்ச எழுத்து... இந்தா, பேக்கரிலயும் இருக்கு பாரு"ம்ப. சனமெல்லாம் எட்டிப் பாக்கும்.

மினாங்: ஆமா... நல்லாத்தான்யா இருந்துச்சு.

கார்ப்பியோ: ஒரே ஒரு தடவைதான் தப்பா...

மினாங்: ஐயோ, அத எடுக்காத!

கார்ப்பியோ: ஹாரோ முக்குல, பச்சைக் கதவு. மீன் கடைன்னு சொன்ன.

மினாங்: அது சவப்பெட்டிக் கடை! நீ கூடையத் தூக்கிட்டு எறங்கிப் போயி, "ஒரு கிலோ பால்கெண்டை"ன்னு கேட்ட பாரு... வண்டியே குலுங்கிச் சிரிச்சுச்சு. என்னக் கேலி பண்ணத்தான போன? ஒரு வாரம் உன்கூட நான் பேசல.

கார்ப்பியோ: ...ம்.

மினாங்: என்ன ம்?

கார்ப்பியோ: ஒண்ணுமில்ல. வண்டிய வித்து நாலு வருஷமாச்சு. இன்னும் ரோட்டுல எறங்கினா கண்ணு புதுசத்தான் தேடுது.

மினாங்: எனக்கும்தான். நேத்து சந்தை முக்குல நீலத்துல ஒரு போர்டு. உன்கிட்ட சொல்லலாம்னு திரும்பறேன், நீ பக்கத்துல இல்ல.

கார்ப்பியோ: அப்புறம் என்னடி பயம்?

மினாங்: ஒண்ணு சொல்லணும்... கோவிச்சுக்கக் கூடாது.

கார்ப்பியோ: சொல்லு.

மினாங்: நம்ம கல்யாணத்தப்ப எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.

கார்ப்பியோ: என்னது? காதுல பென்சில் சொருகிக்கிட்டுல்ல திரிஞ்ச!

மினாங்: அது சும்மா ஜம்பத்துக்கு. எங்கப்பா வேற, "மாப்பிள்ளை பேப்பர் படிக்கிறவரு"ன்னு ஊரெல்லாம் பீத்திட்டாரு. நான் எப்படி வாயத் தொறப்பேன்? நீ போர்டுன்னு கத்தினதும், "கண்ணு மங்குது, என்ன எழுதியிருக்கு"ன்னு பக்கத்து ஆளக் கேப்பேன். மீன் கடைன்னது ஒரு பள்ளிக்கூடத்து வாலு.

கார்ப்பியோ: அடிப்பாவி...

மினாங்: நீ கேக்கக் கேக்கத்தான் ஒவ்வொரு எழுத்தாப் புடிபட்டுச்சு. போர்டுல கத்துக்கிட்டவ நான். அங்க எல்லாம் ஆளு ஒசரத்துக்கு எழுத்து. இது பொடிப்பொடியா ஒரு பக்கம்யா!

கார்ப்பியோ: காலையில கோழிக்குத் தீனி போடும்போது முழுசும் வாசிச்சியே. ஜன்னல்ல நின்னு கேட்டேன். எங்கயும் தட்டல.

மினாங்: கோழி கேக்கறதும் ஊரு கேக்கறதும் ஒண்ணா? அத விடு... இத்தன வருஷமா உன்ன ஏமாத்திட்டேன். நெஞ்சுல முள்ளாக் கெடந்துச்சு. ஏன்யா சிரிக்கிற?

கார்ப்பியோ: ஸ்டீயரிங்குக்கு மேல தெனம் பேப்பர் வெச்சிருந்தேன்ல? அது வேர்வை தொடைக்க.

மினாங்: ...என்ன சொல்ற நீ?

கார்ப்பியோ: கண்ணாடிய எடுத்து மாட்டு. நடந்துக்கிட்டே பேசலாம்.

மினாங்: இங்கயே சொல்லு. அப்ப தெனமும் எனக்குப் பரீட்சை வெச்சது?

கார்ப்பியோ: பரீட்சையா? தெரியாமத்தான்டி கேட்டேன். நீ சொல்லச் சொல்லத்தான் நானும் கத்துக்கிட்டேன். படிக்கத் தெரிஞ்சவன் எவனாவது சவப்பெட்டிக் கடைக்குள்ள கூடையோட போயி, ஒரு கிலோ பால்கெண்டை கேப்பானா?