கிள்ளியாற்றின் கடைசிப் பாட்டு

கரமனையில் மழைக்காலம் வந்துவிட்டால் எதையும் உலர்வாக வைத்திருக்க முடியாது சார். துணி, தீப்பெட்டி, மைக் எல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். எனக்குக் குழித்துறைப் பக்கம். அங்கேயும் மழை உண்டு, ஆனால் இவ்வளவு பூசணம் பிடிப்பதில்லை.

சுமந்த் வலியசாலை அக்கிரகாரத்துப் பையன். அவன் பாடுவான், நான் பதிவு செய்வேன். கேசட் கம்பெனிகள் எதுவும் அவனைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், இன்டர்நெட்டில் நாமே பாட்டுகளை வெளியிடுவோம் என்று சொன்னவன் நான். லேபிளுக்குக் ‘கிள்ளியாறு’ என்று பெயர் வைத்தவன் அவன். கரமனையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தோம். ஓர் அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, கதவு விளிம்பில் ரப்பர் ஒட்டினேன். வெளியே கொண்டி போட்டால்தான் அந்தக் கதவு சரியாக அடையும். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பதை இதற்காக விட்டேன். வந்த கல்யாண ஆலோசனையையும் தட்டிக் கழித்தேன். இதையெல்லாம் அவனிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

போன ஜூனில் சிங்கப்பூர் நேயர் ஒருவர் எனக்கு அனுதாபம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எதற்கு அனுதாபம் என்று புரியாமல் எங்கள் இணையதளத்தைத் திறந்தேன். கிள்ளியாறு இந்த மாதத்தோடு மூடப்படுகிறது, பாடல்கள் அனைத்தும் நீக்கப்படும் என்று முகப்பில் சுமந்த் எழுதியிருந்தான்.

அவன் வீட்டுக்குப் போனேன்.

“எனக்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“கோவிச்சுக்காதே தாஸே. சென்னைக் கம்பெனிக்காரா என்னைப் பாடக் கூப்பிட்டிருக்கா. பழைய பாட்டு ஒண்ணும் நெட்ல கெடக்கப்படாதுன்னுட்டா. சரின்னுட்டேன்.”

“கேக்குற ஆளுக என்ன செய்வாங்க?”

சுமந்த் சிரித்தான். “யாரு கேக்கறா? சாலையில இருக்கற பிரவுசிங் சென்டர் எல்லாம் ஏறி இறங்கி, நீதானே டவுன்லோட் பண்ணிண்டிருந்தே? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ?”

உள்ளேயிருந்து அவன் மனைவி விஷ்ணுப்ரியா, “தாஸண்ணாவைக் கேலி பண்ணாதேங்கோ. நம்ம லேபிளோட ஒரே ரசிகராக்கும்!” என்றாள்.

நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மை. எண்ணிக்கை ஏறிய நாட்களில் அவன் நன்றாகப் பாடுவான், அதற்காகத்தான் செய்தேன். தெரிந்துகொண்டே அவன் என்னை அலைய விட்டிருக்கிறான். இருவரும் உட்கார்ந்து பேசிச் சிரித்துமிருக்கிறார்கள்.

“மூடுறதுக்கு முன்ன ஒரு பாட்டு பதிவு செய்வோம்” என்றேன். “பேஷா” என்றான்.

பதிவன்று காலையில் மெத்தைகளைக் கம்பால் நன்றாகத் தட்டினேன். வெளியே மழை, அதனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே தட்ட வேண்டியதாயிற்று. அறையைச் சுத்தம் செய்வது எப்போதும் என் வேலைதான்.

சுமந்துக்கு ஆஸ்துமா. மழை நாட்களில் இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற மாட்டான். பாடப் போகுமுன் சாவி, சில்லறை, மோதிரம் எல்லாவற்றையும் என் மேஜைத் தட்டில் போட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். சின்னச் சத்தமும் மைக்கில் விழும். இன்ஹேலரை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்வான். அன்று அதையும் கேட்டேன். “ஒரு பாட்டுதானே” என்று தந்துவிட்டான். என்னை அவ்வளவு நம்பினான். நானும் அவனை அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பதிவு ஓடும்போது கதவைத் திறக்கக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். ஒருமுறை பாட்டின் நடுவே தலையை நீட்டியதற்காக ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

பல்லவி அருமையாக வந்தது. அனுபல்லவியில் இருமினான். சரணத்தில் பாட்டு நின்றது. கதவைத் தட்டினான். பிறகு மைக்கின் அருகே வந்து, “தாஸே, தொற” என்றான். ஹெட்போனில் அது காதோடு பேசியதுபோல் இருந்தது.

பதிவை நிறுத்தும் பட்டன் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அழுத்தியிருந்தால் அவன் சட்டப்படியே கதவைத் திறந்திருக்கலாம். நான் அழுத்தவில்லை. எல்லாம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளே போய், இன்ஹேலரை அவன் இடுப்பில் செருகிவிட்டு விஷ்ணுப்ரியாவுக்குப் போன் செய்தேன்.

கம்ப்யூட்டர் இப்போது உங்களிடம் இருக்கிறது. அந்தப் பாட்டை யாருக்கும் அப்படியே போட்டுக் காட்டிவிடாதீர்கள் சார். இருமலும் தட்டும் சத்தமும் விழுந்திருக்கின்றன. என்னை உட்காரவிட்டால் நீக்கித் தருகிறேன். எனக்கு அவன் துரோகம் செய்திருக்கலாம். அதற்காகப் பாடகன் என்ற அவன் பெயர் கெட நான் சம்மதிக்க மாட்டேன்.