முன்வரிசையில் ஒரு காலி நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் ஸ்டூடியோ தலைவர் சுகிமோரி அவர்களே, இயக்குநர் பெருமக்களே, கியோட்டோவின் படப்பிடிப்புத் தளங்களில் வாளேந்தி வாழ்ந்தவர்களே, அந்த வாளுக்கு வெட்டுப்பட்டே வயிறு வளர்த்தவர்களே, கண்ணீரோடு முன்வரிசையில் இருக்கும் ஆசானின் தங்கை மசாயோ அம்மையார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஓக்குமுரா தோமிகோவின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. உங்களில் பாதிப் பேருக்கு சாமுராய் வேடத்துக்குப் பொய்க்குடுமி வைத்துவிட்டவள் நான். எனக்கு மேடைப் பேச்சு வராது, சண்டை போடத்தான் வரும். ஆனாலும் இன்று பேசியே தீரவேண்டும். மசாயோ அம்மையாருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே, பார்த்தீர்களா? அது யாருக்கு உரியது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போய்விட்டார் நம் வாள்சண்டை ஆசான் மிபுச்சி தாத்சுவோ! இந்த ஊரில் எடுத்த சாமுராய்ப் படங்களில் ஆசான் அமைக்காத சண்டை எது? ஆசான் கை திருத்தாத கை எது? நட்சத்திரமாக இருந்தாலும் தளத்துக்கு நேரம் தவறி வந்தால் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார். அவர் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். கல்லில் செய்த மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன். கோட்டைக் காவல் படையின் தலைவன், தன் படை வீரன் ஒருவன் மீது ஆசை வைத்துவிடுகிறான். அந்த வீரன் சட்டத்தை மீறுகிறான். அவனைத் தலைவனே வெட்ட வேண்டும் என்று பிரபுவின் கட்டளை. தலைவனாக நடித்த நட்சத்திரம் ஒத்திகையில் ஆசானிடம் புலம்பினார்.

"என்னங்க இது, தொடக்கூடாதுங்கறீங்க, அழக்கூடாதுங்கறீங்க. அப்புறம் ஆசையை நான் எதுல காட்டுறது?"

"முகத்துல காட்டாதீங்க. வாளை எங்க வைக்கிறீங்கன்னு மட்டும் பாத்துக்கங்க. எவன் முன்னாடி உக்காந்தாலும் சாமுராய் தன் வாளைக் கை எட்டுற தூரத்துலதான் வைப்பான். அது அவனோட கட்டுப்பாடு. இவன் முன்னாடி மட்டும் எட்டாத தூரத்துல வைங்க. போதும்."

படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வாள் தள்ளி வைக்கப்பட்டபோது அரங்கத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. ஆசையைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர் கல்லாக இருக்க முடியுமா? சொல்லுங்கள், முடியுமா?

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். எரிகிற கோட்டையின் படிக்கட்டு. அதைக் கொளுத்தினால் கொளுத்தியதுதான், இன்னொன்று கிடையாது. நட்சத்திரம் நெருப்பைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டார். அவர் உடையை மாட்டிக்கொண்டு, காமிராவுக்கு முதுகைக் காட்டி, ஆசானே வெட்டப் போனார். குடுமி வைத்தவள் நான்தான். அந்த வீரனுக்குப் பதிலாக மேல் படியில் வெட்டுப்பட்டு விழ வேண்டியவர் இரியே கென்சாகு. விழுவதில் இரியேவை மிஞ்ச இந்த ஸ்டூடியோவில் ஆள் கிடையாது. எத்தனையோ ஆயிரம் முறை செத்தவர், ஒரு முறைகூட அடிபடாதவர்.

நெருப்பு ஏறியது. ஆசான் வெட்டினார். இரியே பின்னால் சாய்ந்தார். அடுத்த நொடி, வாளைக் கீழே போட்டுவிட்டு ஆசான் பாய்ந்து அவரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்!

"கட்! யோவ் மிபுச்சி, என்னய்யா பண்ற? வெட்டுனவனே தாங்கிப் பிடிப்பானாய்யா?" இயக்குநர் தொண்டை கிழியக் கத்தினார்.

ஆசான் இறங்கி வந்து மண்ணில் நெற்றி படக் குனிந்தார். "மன்னிச்சிடுங்க ஐயா. கால் வழுக்கிருச்சு."

"தீ எரியிற பலகையில எப்படிப்பா வழுக்கும்?" என்று விளக்குக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. குடுமியைக் கழற்றும்போது பார்த்தேன், அதன் பின்பக்கம் கருகிப்போயிருந்தது. தீப்பொறி இரியே மீது விழாமல் தன் தலையைக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அங்கே நின்ற எல்லோருக்குமே புரிந்தது.

அதற்குப் பிறகு ஆசான் இரியேவுக்கு எதிராக வாளெடுத்ததே இல்லை. பேச்சையும் குறைத்துக்கொண்டார். கேன்டீனில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து நீங்கள் பார்த்ததுண்டா? ஆனால் ஆசான் தன் தட்டில் முள்ளங்கி ஊறுகாயை மட்டும் தொடாமல் வைத்துவிட்டு எழுந்து போவார். கொஞ்ச நேரம் கழித்து இரியே அதே இடத்தில் போய் உட்காருவார். ஊறுகாய் என்றால் இரியேவுக்கு உயிர். திரையில் நாம் கைதட்டி ரசித்த கட்டுப்பாட்டை அந்த இரண்டு பேரும் தட்டும் சோறுமாக வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது.

ஏன் எரிகிறது தெரியுமா? போன மாதம் ஆஸ்பத்திரியில் ஆசானின் மூச்சு தடுமாறியபோது, "சொந்தக்காரங்க மட்டும் உள்ள இருங்க" என்றார்கள். "நீங்க யாரு?" என்று கேட்டதற்கு, "கூட வேலை பார்த்தவன்" என்று சொல்லிவிட்டு இரியே வெளியே வந்துவிட்டார். மசாயோ அம்மையார் சுருகாவிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். ஆசான் தனியாகப் போனார்! கதவுக்கு வெளியே இரியே நின்றுகொண்டே இருந்தார். எரியும் படிக்கட்டில் தாவிப் பிடித்த கைகளுக்கு, கடைசியில் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லையே!

இன்று காலை இந்த மண்டப வாசலில், அஞ்சலி செலுத்த வருகிறவர்கள் பெயர் எழுத மூன்று மேசைகள் போட்டிருந்தோம். உறவினருக்கு ஒன்று, ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று. இரியே பொதுமக்கள் வரிசையில் போய் நின்றார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏன்டா, உன் இடம் இதுதானா?"

"எனக்கு எந்த மேசைன்னு தெரியலக்கா."

"மேடையில நான் சொல்லிடட்டுமா?"

"அவர் இருந்தா வேணாம்னுதான் சொல்லுவார்."

"அவர் சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே நின்றார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்கக்கா. வெளியவே நின்னு நின்னு அலுத்துப் போச்சு."

சொல்லிவிட்டேன்.

அன்பர்களே, ஆசானின் பயிற்சிக் கூடம் நாளைக் காலை வழக்கமான நேரத்தில் திறக்கும். அவர் கற்றுக்கொடுத்த வெட்டும் அடியெடுப்பும் வாளை வைக்கும் முறையும் ஒன்றுகூடக் குறையாமல் அங்கே தொடரும். இது எங்கள் உறுதி. இன்னொரு உறுதியும் உண்டு. இந்த ஸ்டூடியோவில் இனி யாரும் தன் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மேசையில் போய் நிற்க மாட்டார்கள். நிற்க விட மாட்டோம்!

இரியே, கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது. எழுந்து வா. இதோ, மசாயோ அம்மையார் நாற்காலியிலிருந்து தன் கைப்பையை எடுத்துவிட்டார். கை நீட்டி "அண்ணா, இங்க வாங்க" என்று கூப்பிடுகிறார், கேட்கிறதா?

மெதுவாக வா. படி இருக்கிறது, பார்த்து. கால் வழுக்கினால் வழுக்கட்டும், பிடிக்க நாங்கள் இருக்கிறோம். இந்த முறை யாரும் 'கட்' சொல்ல மாட்டார்கள்.