முன்னாடிக்கு எது, பின்னாடிக்கு எது

— அந்த டயர வை கார்மேகம். பட்டன் பட்டனா இருக்கேன்னு மயங்காத. அது மணல்ல ஓட்டுறவனுக்கு. ஈரத் தாருல அந்தப் பட்டன்தான் மொதல்ல வழுக்கும்.

— அப்ப இந்த வழவழப்பானது, அலாவுதீன் பாய்?

— அது வெயில் காலத்துக்கு. இந்த அரபு தேசத்துல, நம்ம சத்வாவுல மழ பேயிறதே வருசத்துல நாலு நாளு. பேஞ்சா, ரோட்டுல கெடக்குற ஆயிலும் மணலும் சேந்து சோப்புத் தண்ணியா ஆயிரும். இந்தா, இதப் பாரு. நடுவுல கோடு, ஓரத்துல பல்லு, கொஞ்சம் அகலம். டிசம்பர், ஜனவரிக்கு இதான் தோது. காத்த மட்டும் கல்லு மாதிரி அடிக்காத.

— இதுலயே ரெண்டு குடுங்க.

— ரெண்டு எதுக்கு? பின்னாடி இருக்கிறது இன்னும் ஒரு வருசம் தாங்கும்ப்பா.

— இல்ல பாய், ரெண்டும் புதுசா வேணும். வெள்ளிக்கிழம நான் லீவுல ஊருக்குப் போறேன். எங்க ரூம் வழக்கம் தெரியும்ல? லீவுல போறவன் சைக்கிள அடுத்தவன் கையில குடுத்துட்டுத்தான் போகணும். விமல் எடுத்துக்கிறான். காலையில அஞ்சு மணிக்கு ஜுமேரா வில்லாவுக்குத் தோட்ட வேலைக்குப் போவான்.

— நம்ம ஜெயசீலன் பாத்த வேலையா?

— அதே வில்லா, அதே ரோடு, இதே சைக்கிளு.

— ம். சரி, சைக்கிள இப்படித் திருப்பி நிறுத்து. இப்பவே மாட்டிக் குடுத்துடுறேன்.

— பாய், ஒண்ணு கேக்கணும். ஒரு டயரு நல்லது, ஒரு டயரு தேஞ்சதுன்னு வைங்க. எத முன்னாடி போடணும், எத பின்னாடி போடணும்?

— இப்ப எதுக்கு அது? ரெண்டும்தான் புதுசாச்சே.

— சும்மா சொல்லுங்களேன்.

— நல்லத முன்னாடி போடணும்.

— ஏன்?

— விட மாட்டியா நீ? பின்னாடி வழுக்குனா கால ஊனி நின்னுக்கலாம். முன்னாடி வழுக்குச்சுன்னா ஹேண்டிலு கையில நிக்காது, ஆளு குப்புறத்தான். ஆனா இங்க எல்லாவனும் மாத்தித்தான் போடுறான். பாரம் பின்னாடிதானே, அங்கதான் நல்லது வேணும்னு ஒரு நெனப்பு.

— எனக்கும் அந்த நெனப்புத்தான் பாய்.

— விடுப்பா.

— எப்படி விடுறது? சைக்கிளு எங்க ரெண்டு பேருக்கும் பொது. காலையில ஜெயசீலனுக்கு, சாயங்காலம் எனக்கு. லாண்டரித் துணிய மூட்டையாக் கட்டி கேரியர்ல வச்சு வீடு வீடாக் குடுக்கணும். என் மூட்டை வெயிட்டுல பின் டயரு மொட்டையாப் போச்சு. ஒரே வாரத்துல ரெண்டு பஞ்சர். போன ஜனவரியில ஒரு வெள்ளிக்கிழம, உக்காந்து கழட்டுனேன். முன்னாடி கெடந்த நல்லதப் பின்னாடி போட்டேன், மொட்டைய முன்னாடி தள்ளிட்டேன். என் மூட்டைய மட்டும்தான் பாத்தேன். அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

— கார்மேகம், போதும்.

— சனிக்கிழம ராத்திரி பூரா மழ. ஞாயித்துக்கிழம காலையில எதுத்தாப்புல ஆளு நிக்கிறது தெரியாத பனி. ரவுண்டானாவுல திரும்பயில சறுக்கிட்டான். பின்னாடியே தண்ணி டேங்கர். அவனப் பாத்து அடையாளம் சொன்னதும் நான்தான். இந்தச் சைக்கிளு மட்டும் ரெண்டு கீறலோட திரும்பி வந்துச்சு.

— பனிப்பா அது. டேங்கர்காரனுக்கே ஆளு தெரியல. நான் சொல்றதக் கேளு, டயரு மேல பழியப் போடாத.

— நீங்கதானே இப்ப சொன்னீங்க, ஆளு குப்புறத்தான்னு. அவன் சம்சாரம் நாகஜோதி, ஒவ்வொரு தடவ போன் போடுறப்பவும் கேக்குது. அண்ணே, அவுக எப்படி விழுந்தாகன்னு. பனி, பனின்னு சொல்லி பத்து மாசத்த ஓட்டிட்டேன். ஞாயித்துக்கிழம அது மூஞ்சிக்கு நேரா உக்காரணும் பாய். பச்சத் தண்ணி குடுத்தாக்கூட எனக்கு எறங்காது. அவனுக்குத் தெரியாம டயர மாத்தி வச்சுக் கொன்னவன் நான்தான்னு சொல்லிடலாமான்னு இருக்கு. சொன்னா அந்தப் புள்ள தாங்குமா? சொல்லாட்டி நான் தாங்குவனா?

— இரு கார்மேகம். இந்த வேல கெடக்கட்டும்.

— ஏன் பாய் ஸ்பேனரக் கீழ வச்சுட்டீங்க?

— அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு.

— மாட்டிக் குடுங்க, டியூட்டிக்கு நேரமாச்சு.

— உக்காருன்றேன்ல. பத்து மாசமா எவன்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கேன். நீ கடைப் பக்கம் வர்றப்பல்லாம் வாய் வரைக்கும் வரும், முழுங்கிருவேன்.

— என்னத்த?

— அவனுக்குத் தெரியாம மாத்துனேன்னு சொல்றியே. அவனுக்குத் தெரியும்.

— என்ன பாய் சொல்றீங்க?

— மொத நாளு, சனிக்கிழம மத்தியானம், டியூட்டி முடிஞ்சு வர்ற வழியில செயினுக்கு எண்ணெய் போட இங்கதான் வந்தான். முன் டயரப் பாத்துட்டு, எந்த மடையன்டா இப்படி மாத்திப் போட்டான்னு கேட்டேன். சிரிச்சான். நேத்து நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு கார்மேகம் கழட்டிக்கிட்டிருந்தான் பாய், கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்னான்.

— அப்புறம்?

— மழக்கோலமா இருக்கு, எறங்கு, பத்து நிமிசத்துல சரி பண்ணித் தர்றேன்னேன்.

— எறங்கலயா?

— எறங்கல. சாயங்காலம் அவனுக்கு மூட்ட நெறைய இருக்கு பாய், வழியில பஞ்சராச்சுன்னா அவ்வளவு தூரமும் தள்ளிக்கிட்டே நடப்பான் பாவம், நல்லது அவனுக்கே இருக்கட்டும், அடுத்த வெள்ளிக்கிழம பாத்துக்கலாம்னான்.

— ஐயோ, ஜெயசீலா...

— மொட்ட டயரக் கண்ணால பாத்துக்கிட்டு, கையப் பிடிச்சு எறக்காம, சரி போடான்னு அனுப்புனவன் நான். நாகஜோதிகிட்ட யார் பேரயாவது சொல்லித்தான் ஆகணும்னா, மொதல்ல என் பேரச் சொல்லு கார்மேகம்.