மரியாதைக்குச் சொன்னது

"முதல்ல கோதுமை வரட்டும். அப்புறம் பாக்கலாம்..."

"முதல்ல கையெழுத்து. என் படை மலைக்கு அந்தப் பக்கம்..."

"என் ஜனம் பட்டினி கிடக்குது, மார்ஷல். வெறும் வயித்தோட எவன் துப்பாக்கி..."

"ஜெயிச்சா வயிறு தானா நிறையும்."

ஜெனரலும் மார்ஷலும் ஒருவரை ஒருவர் முடிக்க விடவில்லை. இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொன்ன எனக்குத்தான் தொண்டை வறண்டது. ஆனால் அன்று ரயில் பெட்டியில் கொடுத்தது நல்ல காப்பி, ஐயா. அப்போது நாமெல்லாம் வறுத்த பார்லியைக் காப்பி என்று குடித்துக்கொண்டிருந்தோம். அதனால் நினைவிருக்கிறது.

நீங்கள் விசாரிக்க வந்தது காப்பியை அல்ல, தெரியும். நான் ஜெனரலின் வரவேற்பு அதிகாரி, மொழிபெயர்ப்பாளனும் நானே. வடக்கே பாதிக் கண்டத்தைப் பிடித்துவிட்ட மார்ஷல், நம்மையும் தன் பக்கம் யுத்தத்தில் இறக்க எல்லை ஸ்டேஷனுக்கே வந்திருந்தார்.

சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் தணிந்தது. ஜன்னல் வழியே நம் சான் தெல்மோ தெரிந்தது. "அழகான துறைமுகம்" என்றார் மார்ஷல்.

"உங்களுடையதுதான்" என்றார் ஜெனரல்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் நம் கடிகாரத்தைப் புகழ்ந்தாலும், மடியிலிருக்கும் குழந்தையைப் புகழ்ந்தாலும்கூட, உங்களுடையதுதான் என்போம். அவர், இருக்கிற இடத்திலேயே நன்றாக இருக்கட்டும் என்பார். அதோடு முடிந்தது. ஜெனரல் வாய்ப் பழக்கத்தில் சொன்னார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். மார்ஷல் மறுக்கவில்லை. வரைபடம் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு எவ்வளவோ விளக்கினேன். "வாயால குடுத்துக் கையால பிடுங்குறவரோட எனக்கென்ன கூட்டணி?" என்று மார்ஷல் எழுந்துவிட்டார். ஜெனரல் என்னை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எவரிஸ்தோ, அந்தாளு கோவத்தோட போகக் கூடாது. நாளைக்கே டாங்கியோட திரும்பி வருவான். எதையாவது குடுத்து அனுப்பு. நமக்குச் செலவில்லாததா பாத்து."

மார்ஷலின் உதவியாளர் கர்னல் ரைமர் நல்ல மனிதர். அவருக்கு பிராந்தி ஊற்றினேன்.

"உங்க உள்நாட்டுச் சண்டையில தோத்து ஓடிவந்தவங்க ஆயிரக்கணக்குல எங்க முகாம்ல இருக்காங்க. திருப்பிக் கேப்பீங்களோன்னு சும்மா வச்சிருக்கோம்" என்றார். "எங்க கல் குவாரிக்கு ஆள் பத்தல. நல்ல உழைப்பாளிங்க, உங்க ஆளுங்க."

"உங்களுடையதுதான்" என்றேன்.

கர்னல் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அனிசெட்டோன்னு ஒருத்தன் இருக்கான். உங்க குடும்பப் பேருதான். சொந்தமா?"

"அந்தப் பேரு எங்க பக்கம் நிறைய."

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் அனிசெட்டோ. கூடப்பிறந்த அண்ணன். அவன் ஒருவனை மட்டும் கேட்டு வாங்குவது நியாயமாகாது. எல்லோரையும் கேட்டால் செலவு. ஒரு அதிகாரி இப்படித்தான் யோசிக்க வேண்டும்.

மார்ஷல் சிரித்த முகத்தோடு போனார். கூட்டணி அமையவில்லை, டாங்கியும் வரவில்லை. நம் தெருக்களில் அந்த யுத்தத்தின் குண்டு ஒன்றுகூட விழவில்லை. எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். குவாரிக் குளிர் நம் ஆட்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முறைப்படி கர்னல் மறுத்திருக்க வேண்டும். அவர்களுக்கு நம் முறை தெரியாது என்பது உனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். துறைமுக விஷயத்தில் அன்று மதியம்தான் பார்த்தேன். மறுக்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். அதற்காக மரியாதையை விட்டுவிட முடியுமா, ஐயா?

யுத்தம் முடிந்த வசந்தத்தில் அண்ணி நியெவெஸ் வந்தாள். குவாரியிலிருந்து உயிரோடு திரும்பிய யாரோ அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"காப்பி குடிங்க அண்ணி. இப்ப நெசக் காப்பியே கிடைக்குது."

"வேணாம். உங்க அண்ணன் கடைசி வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாராம், என் தம்பி ஜெனரல் பக்கத்துலதான் இருக்கான், நம்மளக் கேட்டு வாங்கிடுவான்னு."

"நாட்டோட நெலமை அப்படி அண்ணி. நான் மரியாதைக்குத்தான் சொன்னேன்."

அவள் தலையாட்டினாள். கோபப்படவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது என் மகள் இனெஸ் பிஸ்கட் தட்டோடு உள்ளே வந்தாள். அண்ணி அவளை அருகில் இழுத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். கையை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பொண்ணு ரொம்ப அழகா இருக்கா, தம்பி."