மேல்மாடியிலிருந்து வெள்ளைத்தாள்

தாள்ல விழுதே, அந்தக் கறுப்புக் கோடா தம்பி? அது நேத்துதான் வந்துச்சு. உள்ள உருளையில மெழுகு ஒட்டியிருக்கா? ஐயையோ, அது என் வேலைதான். இந்த ஃபேக்ஸ் மெஷின் சரியாகணும்னு வேண்டிக்கிட்டு, அது மேலயே ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி வச்சேன். சிரிக்காதீங்க. காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளை தலைமாட்டுல உக்காந்து வேண்டிக்கிறதில்லையா, அது மாதிரிதான்.

ஆனா நான் ரிப்பேருக்கு உங்களைக் கூப்பிட்டது கோட்டுக்காக இல்ல. வெள்ளையா வருதே, அதுக்குத்தான். மணி அடிக்குது, கிறீச்சுன்னு கத்துது, தாளும் வெளிய வருது. பாத்தா ஒரு எழுத்து இல்ல. ஒரு வாரமா இப்படித்தான். அவர் என்ன சொல்றாருன்னே தெரியாம தவிச்சுப்போயிட்டேன்.

அவர்னா எங்க வீட்டுக்காரர். வெளியூர்லயா? இல்ல தம்பி, மேல்மாடியில. இந்தப் படி ஏறினா வலது பக்க அறை.

நீங்களும் என் மகன் மாதிரியே முழிக்கிறீங்க. ஒரு படிக்கட்டுக்கு ரெண்டு டெலிபோன் லைனான்னு அவன் தலையில அடிச்சுக்குவான். சே, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல தலைமைக் கிளார்க்கா இருந்தவர். அதை மூடினப்போ ரெண்டு மெஷினைக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டார். காபி வேணும்னா தேதி போட்டு, பொருள் காபின்னு எழுதி, சர்க்கரை இத்தனை கரண்டின்னு குறிச்சு, கையெழுத்தும் போட்டுத்தான் அனுப்புவார். நான் கொஞ்சம் அசந்துட்டா நினைவூட்டல் வரும். என் மக வந்து தங்கியிருந்தா, நகல் மகளுக்குன்னு கீழ போட்டிருக்கும்.

இப்போ எல்லாமே நானா ஊகிக்க வேண்டியிருக்கு. வெள்ளைத்தாள் வந்தா காபி கொண்டுபோவேன். அது இல்லேன்னா உடனே இன்னொரு வெள்ளைத்தாள் வரும், கோவமா. வெள்ளைத்தாள்ல கோவம் எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, கல்யாணம் பண்ணிப் பாருங்க. போர்வை, மாத்திரை, பேப்பர்னு மாத்தி மாத்திக் கொண்டுபோனேன். நேத்து குடையைக்கூடக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கி மடியில வச்சுக்கிட்டு என்னையே பாத்தார். வெள்ளையா வருதுங்கன்னேன். கோளாறு உன் மெஷின்லதான்னு கையைக் கீழ காட்டிட்டார். எழுதின தாளைக் கையில குடுக்கறது அவர் ஆபீஸ் முறைக்கு ஒத்துவராது.

நகல் எடுத்துப் பாத்தீங்களா? அட, பளிச்சுன்னு விழுதே. அப்போ இது நல்லாத்தான் இருக்கு. கோளாறு அனுப்பற இடத்துலயா? அது புதுசு தம்பி. மேல இருந்தது உயிரை விட்டுடுச்சுன்னு மகன் போன வாரம்தான் வேற வாங்கி மாட்டினான்.

எழுத்து கீழ பாக்கற மாதிரி வைக்கணுமா? கடவுளே. பழசுல எழுத்து மேல பாத்து இருக்கும். அந்தப் பழக்கத்துல வச்சிருப்பார். ஒரு வாரமா தாளோட முதுகைத்தான் எனக்கு அனுப்பிக்கிட்டிருக்கார்.

வேண்டாம், நீங்க மேல போகாதீங்க. வெளியாளுங்க வந்தா அவருக்குச் சங்கடம். நானே எழுதி அனுப்பறேன். தாளைக் கவுத்து வைக்கவும். போதும்ல? இருங்க, பொருள் போடலேன்னா படிக்க மாட்டார். பொருள், தாள்.

போயிடுச்சு. நாற்காலி நகர்ற சத்தம் கேக்குதா? மூக்குக்கண்ணாடியைத் தேடறார்.

வருது தம்பி. எழுத்து இருக்கு. அது எனக்குத் தெரியும்னு போட்டிருக்கார். ஒரு வாரமாகக் காபியில் சர்க்கரை இல்லை, உடனே விளக்கம் தரவும்.

ஆமா, போடல. எத்தனை கரண்டின்னு உத்தரவு வரலையேன்னு விட்டுட்டேன்.

பாருங்க, எப்படித் திட்டியிருக்கார். எழுத்தெல்லாம் நல்லா அழுத்தமா விழுந்திருக்கு.

இதைக் கீழ இறங்கி வந்து சொன்னா என்னவா? குரல் இல்ல தம்பி அவருக்கு. தொண்டையில ஆபரேஷன் பண்ணிக் குரல்வளையை எடுத்துட்டாங்க. அதுவரைக்கும் மெஷின் ரெண்டும் பரண்லதான் கிடந்துச்சு. நேர்ல வாயை அசைச்சா காத்துதான் வருது, அதை நான் பாக்கறது அவருக்குப் பிடிக்கல. தாள்லன்னா பழைய மனுஷனா அதட்டறார். ஒரு வாரமா அந்த அதட்டல் இல்லாம வீடு வீடாவே இல்ல.

நீங்க உக்காருங்க, காபி போடறேன். உங்களுக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி? வாயாலயே சொல்லுங்க, போதும்.